என் மனைவியின் சாவிக்கொத்தை நான் ஒப்படைத்தேன்

சாந்தாமணி ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தாள். துடியலூர் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, தக்காளி வாங்கி, தெருமுனையில் யாருடனோ நின்று பேசிவிட்டுப் படியேறியிருக்கிறாள். வலது காலில் செருப்பு இல்லை. இல்லை என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன அம்மிணி, கம்பெனிலதான் ஆள்குறைப்புன்னு பாத்தா செருப்புலயுமா?" என்று கேட்டேன்.

குனிந்து காலைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "ஏனுங்க, நெசமாலுமே தெரியலீங்க. ரெண்டு நாளா வெரலெல்லாம் சுருசுருங்குது. இப்ப பாதமே மரக்கட்டையாட்டம் இருக்குது."

முப்பத்தோரு ஆண்டுகள் ஒரு நூற்பாலையின் பணியாளர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விடுப்பு விதிகள், விசாரணை நடைமுறை, நிலையாணைகள் எல்லாம் தலைகீழாகத் தெரியும். மரத்துப்போன காலுக்கு என்ன நடைமுறை என்று தெரியாது. சுடுநீரில் உப்புப் போட்டு வைக்கச் சொன்னேன். மறுநாள் காலை அவளால் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை.

இதே நோயோடும், இதே சமயத்தில் வேலை பறிபோகும் கவலையோடும் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆகவே கம்பெனி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும்.

சாந்தாமணி ஒரு பம்புசெட் தொழிற்சாலையில் உதிரிபாகக் கிடங்கின் பொறுப்பாளர். ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் என்பார்கள். இருபத்தாறு ஆண்டு சர்வீஸ். தொழிற்சாலையை மூடிவிட்டு வேறு மாநிலத்துக்குப் போவதாக நிர்வாகம் அறிவித்திருந்தது. இப்படி அறிவித்தால் கெட்டிக்காரர்கள் முதல் வாரமே வேறு வேலை தேடிப் போய்விடுவார்கள். மூடும் வேலையைச் செய்யவே ஆள் இருக்காது. அதனால் தேவையானவர்களுக்கு மட்டும் ஒரு கடிதம் கொடுப்பார்கள். கடைசி நாள் வரை இருந்தால் இவ்வளவு தருகிறோம் என்று. அதற்கு ரிடென்ஷன் போனஸ் என்று பெயர். ஆள்குறைப்பு இழப்பீடு சட்டம் தருவது. இதைத் தருவது அந்த ஒரு கடிதம் மட்டுமே. அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம்.

அவளுக்கு எட்டு மாதச் சம்பளம் என்று எழுதியிருந்தார்கள். கடிதத்தை அவள் எனக்குக் காட்டவில்லை. "உங்ககிட்டக் குடுத்தா மூணு திருத்தம் போட்டுத் திருப்பி அனுப்புவீங்க. நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துப்போட்டேன்" என்றாள். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தையும் படிக்கும் பழக்கமுள்ள நான், ரோஷத்தில் அதைக் கேட்டு வாங்கிப் படிக்கவில்லை.

மூடும் நாளுக்குப் பத்து வாரம் இருந்தபோதுதான் செருப்பு போனது.

மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் சிறிய சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் அசையவில்லை. மறு முழங்காலும் அப்படியே. "ரெண்டு மூணு வாரத்துக்கு முன்னால வயிற்றுப்போக்கு இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். இருந்தது. கொடுமுடியில் ஒரு விசேஷ வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து மூன்று நாள் படுத்திருந்தாள். அதற்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டேன்.

சம்பந்தம் இருந்தது. கில்லன்-பாரி நோய் (கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் தற்காப்புச் சக்தி, ஆள் மாறாட்டத்தில் தன் நரம்புகளின் மேலுறையையே தாக்குவது). முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். நரம்பில் மின்சாரம் ஓடும் வேகத்தை அளந்தார்கள். கீழிருந்து மேலே ஏறும் நோய் இது. பாதம், தொடை, கை, பிறகு மூச்சுத் தசைகள். எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரும்பாலோர் எழுந்து நடந்துவிடுவார்கள், ஆனால் மாதங்கள் ஆகும் என்றார்.

பிறகு அவளிடம், "மூச்சை நல்லா இழுத்துட்டு, ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுங்க. எது வரைக்கும் வருதுன்னு பாப்போம்" என்றார்.

இருபத்தாறு ஆண்டுகளாக வாஷர்களையும் பேரிங்குகளையும் எண்ணிய பெண். இருபத்தொன்பது வரை எண்ணினாள். மறுநாள் இருபத்துநான்கு. மூன்றாம் நாள் பத்தொன்பது. பத்தை நெருங்கினால் தொண்டையில் குழாய் வைத்து இயந்திரத்தில் போட வேண்டியிருக்கும் என்று மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். இம்யூனோகுளோபுலின் (பலருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) ஐந்து நாள் ஏற்ற வேண்டும். விலையைக் கேட்டபோது என் மூச்சும் பத்தொன்பதில் நின்றது. கம்பெனியின் காப்பீடு பாதிக்குக் காணும். மீதிக்கு அவள் நகையை அடகு வைத்தேன். எட்டு மாதச் சம்பளம் வரும், மீட்டுவிடலாம் என்பதுதான் கணக்கு. அதைத் தவிர எங்களிடம் வேறு கணக்கு இல்லை.

பயத்தில் மனிதர்கள் கோயிலுக்குப் போவார்கள். நான் நடைமுறைக்குப் போனேன்.

அந்த மூன்றாம் நாள், விடுப்பு விண்ணப்பம், மருத்துவச் சான்றிதழ், அவள் கைப்பையிலிருந்த கிடங்குச் சாவிக்கொத்து, அடையாள அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனேன். பொறுப்பில் இருப்பவர் நீண்ட விடுப்பில் போனால் பொறுப்பை முறைப்படி ஒப்படைக்க வேண்டும் என்பது என் காலத்து ஒழுங்கு. என்னென்ன ஒப்படைக்கிறேன் என்று பதினொரு வரிகளில் ஒரு பட்டியல் தட்டச்சு செய்திருந்தேன், இரண்டு படிகள். கீழே 'ஒப்படைப்பவர்' என்ற இடத்தில் அவளுக்காக நான் கையெழுத்துப் போட்டேன். அவளால் அப்போது பேனா பிடிக்க முடியவில்லை.

வாங்க வந்தவர் ஜாபர். கோட்டைமேட்டுக்காரர். பதினைந்து வருடமாகச் சாந்தாமணிக்குக் கீழே வேலை செய்பவர். பட்டியலைத் தொடவே தயங்கினார்.

"சார், இது இப்ப எதுக்குங்க? சாவி எங்கிட்ட இன்னொரு செட்டு இருக்குது. அக்கா நல்லாகி வரட்டும்."

"வர நாளாகும் ஜாபர். நாளைக்கு ஒரு பொருள் கொறஞ்சா அவ தலையிலதான் விழும். வாங்கிக்கிட்டதா கையெழுத்துப் போடுங்க."

"எண்ணாம எப்பிடிங்க போடறது? ஸ்டோர்ல நாலாயிரம் அயிட்டம் இருக்குது."

"சாவிக்குப் போடுங்க. எண்ணறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் போட்டார். மனிதவளப் பிரிவில் நிவேதா என்று ஒரு பெண், மகள் வயசு, என் பட்டியலில் முத்திரை குத்தி ஒரு படியைத் திருப்பித் தந்தாள். "சூப்பரா டைப் பண்ணியிருக்கீங்க அங்கிள்" என்றாள். அங்கிள் என்பதை மன்னித்துவிட்டுப் பெருமையோடு திரும்பி வந்தேன்.

நான்காம் நாள் பதினைந்து. ஐந்தாம் நாள் பதின்மூன்று. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். காலையிலும் மாலையிலும் பத்துப் பத்து நிமிடம் உள்ளே விடுவார்கள். முகம் பாதி இறங்கியிருந்தது. கண்ணை முழுதாக மூட முடியாததால் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி மூச்சு வாங்கிக் கேட்டாள்.

"லீவு லெட்டரு... குடுத்தாச்சுங்களா?"

"குடுத்தாச்சு."

"சாவி?"

"பத்திரமா இருக்குது" என்றேன்.

அன்று மதியம்தான் நிவேதாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. சாந்தாமணியின் மருத்துவ விடுப்பு அங்கீகரிக்கப்பட்டது, விரைவில் குணமடைய வாழ்த்துகள் என்று தொடங்கி, இரண்டாவது பத்தியில், அவர் தம் பொறுப்பை எழுத்துமூலம் ஒப்படைத்துவிட்டபடியால் ரிடென்ஷன் போனஸுக்குத் தகுதி இழக்கிறார் என்று முடிந்திருந்தது. இணைப்பாக என் பட்டியல். பதினொரு வரிகள், முத்திரை, என் கையெழுத்து.

வீட்டுக்குப் போய் அலமாரியில் இருந்த அந்தப் போனஸ் கடிதத்தின் நகலை முதல்முறையாகப் படித்தேன். நான்காவது நிபந்தனை: கணக்கில் மீதமுள்ள அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ விடுப்பு, பணியில் இருந்த நாட்களாகவே கருதப்படும். ஆறாவது நிபந்தனை: கடைசி நாள் வரை தம் பொறுப்பை வகித்து, அன்று கூட்டுக் கணக்கெடுப்பு (ஒப்படைப்பவரும் பெறுபவரும் சேர்ந்து எண்ணிப் பார்ப்பது) முடித்து ஒப்படைப்பவருக்கே தொகை.

அதாவது, நோய் அவள் தொகையைத் தொடவில்லை. கடைசி நாள் வரை அவள் படுத்தே கிடந்திருக்கலாம். ஜாபரின் சாவியால் கிடங்கு நடந்திருக்கும். தகுதியைப் பறித்தது நான்.

இதில் நிர்வாகத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. மஞ்சள் காமாலையில் கிடந்த நூல் சுற்றும் வைண்டிங் பிரிவுத் தொழிலாளி ஒருவரின் வருகை ஊக்கத்தொகையை, இதேபோல ஒரு வரியைக் காட்டி நான் நிறுத்தியிருக்கிறேன். அவர் மனைவி வந்து கேட்டபோது, விதியை நான் எழுதவில்லையம்மா என்று சொன்னேன். உண்மையில் அந்த விதியை எழுதியதே நான்தான்.

அடுத்த பத்து நாட்கள் பார்வை நேரங்களில் மட்டுமே ஓடின. காலை எண்ணிக்கை, மாலை எண்ணிக்கை. பதின்மூன்று. மீண்டும் பதின்மூன்று. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இடைப்பட்ட நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிப் பார்த்தேன். எழுதிய எல்லாவற்றையும் அழித்தேன். பணியாளர் பிரிவில் உட்கார்ந்திருந்த பழைய நான் ஒவ்வொன்றையும் ஒரே வரியில் நிராகரித்துவிடுவேன் என்று தெரிந்தது. அவளிடம் சொல்ல முடியாது. பதற்றம் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பதற்றத்தை நானே முழுதாக எடுத்துக்கொண்டேன், இரத்த அழுத்த மாத்திரையை மறந்தேன், ஒருநாள் தாழ்வாரத்தில் தலைசுற்றி உட்கார்ந்தேன். துணைக்கு இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் மாத்திரையை முதலில் போட்டுக்கொள்ளுங்கள்.

பதினாறாம் நாள் அவள் பதினேழு எண்ணினாள். செவிலிப் பெண் கை தட்டினாள். நான் கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

நான்காவது வாரம் பொது வார்டுக்கு வந்தோம். முழங்கையைத் தூக்க முடிந்தது. விரல்கள் மடங்கின, ஆனால் எதையும் பிடிக்கவில்லை. ஜாபர் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்.

"ஸ்டோரு பத்திக் கவலயே படாதீங்கக்கா. சார் குடுத்த சாவியக் கவர்ல போட்டு அப்படியே ஒட்டி வெச்சிருக்கேன்" என்றார்.

சாந்தாமணி தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள். இனி மறைக்க இடமில்லை. பட்டியல், முத்திரை, மின்னஞ்சல் எல்லாவற்றையும் சொன்னேன். நகையையும் சொன்னேன்.

ஜாபரிடம் கேட்டாள். "எண்ணுனயா?"

"எங்கக்கா எண்ண உட்டாரு? கையெழுத்தப் போட்டாத்தான் ஆச்சுன்னு நின்னாருங்க."

"கொடுத்தவங்க எடத்துல யாரு கையெழுத்து?"

"சாரோடதுதாங்க."

"ஏனுங்க," என்று என்னைக் கேட்டாள், "எஞ் சார்ஜக் குடுக்கறதுக்கு நீங்க யாருங்க?"

கோபமாகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். கோபமும் இருந்தது. ஆனால் அவள் உண்மையிலேயே கேட்டாள். கிடங்கில் பொறுப்பு என்பது சாவி அல்ல என்றாள். எண்ணாமல் கைமாறினால் அது கைமாறியதாகவே ஆகாது. இருபத்தாறு வருடத்தில் தன் விடுப்பில்கூட யாரையும் எண்ணாமல் வாங்கவிட்டதில்லை. அவள் அதிகாரம் கொடுத்து எனக்கு ஒரு வரி எழுதித் தந்ததுண்டா? இல்லை. அப்படியானால் நான் கொடுத்தது ஒரு இரும்பு வளையம், அவ்வளவுதான்.

"இதைய எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். கீழே கையொப்பமிட்டிருக்கும் நான், என் மனைவியின் எழுத்துமூலமான அதிகாரம் இன்றி, அவர் அறியாமல், அவர் பொறுப்பை ஒப்படைப்பதாக ஆவணம் தயாரித்தேன் என்று தொடங்கும் கடிதம். மற்றவர்களிடம் இப்படி எத்தனையோ வாக்குமூலம் எழுதி வாங்கியிருக்கிறேன். நானே எழுதுவது இதுதான் முதல்முறை. 'மன உளைச்சல் காரணமாக' என்று ஒரு சொற்றொடரைச் சேர்த்தேன். படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"மன உளைச்சலெல்லாம் வேண்டாங்க. தெரியாமப் பண்ணிப்போட்டேன்னு எழுதுங்க."

"முப்பத்தோரு வருசம் சர்வீஸு போட்டவன் தெரியாமன்னு எப்பிடி எழுதறது?"

"தெரிஞ்சுதான் பண்ணுனீங்களா?"

ஜாபர் சாத்துக்குடியை உரிப்பதில் மும்முரமானார். நான் 'தெரியாமல்' என்று எழுதினேன். அவளுடைய கடிதம் தனி. அதில் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தாள், மருத்துவர் சான்றளித்தார்.

பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று. இடையில் நிவேதா தொலைபேசியில் கூப்பிட்டாள். "அங்கிள், லீகல்ல கேட்டிருக்கேன். நான் உங்களுக்காக ட்ரை பண்றேன்" என்றாள். என்னிடம் வந்தவர்களுக்கு ஒருநாளும் நான் இப்படிக் கூப்பிட்டுச் சொன்னதில்லை. கடைசியில் கம்பெனி ஒப்புக்கொண்டது. முந்தைய ஒப்படைப்பு செல்லாது. ஆனால் கடைசி நாளன்று சாந்தாமணி நேரில் வந்து கூட்டுக் கணக்கெடுப்பை முடித்துக் கையெழுத்திட வேண்டும்.

மருத்துவருக்கு அது பிடிக்கவில்லை. "மூணு மணி நேரம் உக்காரலாம். அதுக்கு மேல வேண்டாம். கழுத்து தொங்க ஆரம்பிச்சா எங்க இருக்கீங்களோ அங்கயே நிறுத்திடணும்" என்றார். போக வேண்டாம் என்று நான் சொன்னேன். நகை போனால் போகட்டும் என்றேன். அவள் கேட்கவில்லை. இயன்முறைப் பயிற்சியில் ஒரு கனத்த பேனாவுக்குத் துணி சுற்றித் தந்திருந்தார்கள். அதைப் பிடித்து வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசி நாளன்று சக்கர நாற்காலியோடு தொழிற்சாலை வாயிலில் நின்றோம். வெளியாள் உள்ளே போகக் கூடாது. வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே 'நோக்கம்' என்ற கட்டத்தில் காவலாளி யோசித்து, 'தள்ளுவதற்கு' என்று எழுதினார். சரியான பதவிதான்.

விலை கூடிய பொருட்களை மட்டும் எண்ணினால் போதும் என்று ஜாபர் நிவேதாவிடம் பேசி வைத்திருந்தார். அவையே நூற்றுச் சொச்சம். ஜாபர் ஒவ்வொரு தட்டாக எடுத்துக் காட்டி எண்ணிச் சொல்ல, சாந்தாமணி பதிவேட்டைப் பார்த்துச் சரி என்பாள், நிவேதா குறித்துக்கொள்வாள். ஓரிடத்தில், "இல்ல ஜாபரு, மறுக்கா எண்ணு" என்றாள். மறுபடி எண்ணியபோது ஒன்று கூடி, பதிவேட்டோடு சரியாக வந்தது. மூன்று பேரும் சிரித்தார்கள். நான் அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டரை மணி நேரத்தில் தலை ஒருபக்கம் சாய்ந்தது.

"போதும் அம்மிணி. நிறுத்திக்கலாம்."

"இன்னும் நாலு ராக்குதானுங்க."

"டாக்டர் சொன்னது..."

"தள்ளறதுக்குத்தான வந்தீங்க? தள்ளுங்க."

நிவேதா தன் துப்பட்டாவைச் சுருட்டிக் கழுத்துக்கு முட்டுக் கொடுத்தாள். நான்கு ரேக்குகளும் முடிந்தன.

கையெழுத்துக்கு வந்தது. துணி சுற்றிய பேனாவை விரல்களுக்கிடையே நான் வைத்தேன். அதற்கு மேல் தொடக் கூடாது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, சாய்ந்து, காகிதத்தின் ஓரம் வரை போயின. நிவேதா அதைப் பார்த்தாள். போனஸ் கடிதத்தில் இருந்த பழைய கையெழுத்தைப் பார்த்தாள். சங்கடத்தோடு என்னைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டும் ஒண்ணு மாதிரி இல்லீங்களே. ஆடிட்ல கேப்பாங்க."

புதிய மாதிரிக் கையெழுத்து, அதற்கு மருத்துவச் சான்று, இரண்டு சாட்சிகள் என்று முழு நடைமுறையும் தொண்டை வரை வந்தது. பேச எனக்கு அங்கே அதிகாரம் இல்லை.

சாந்தாமணி ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "அந்தக் கை இப்ப எங்கிட்ட இல்லீங் கண்ணு. இப்போதைக்கு இதுதான் எங் கையெழுத்து."

நிவேதா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மாதிரிக் கையெழுத்து என்று தலைப்பிட்டு, மூன்று முறை போடச் சொன்னாள். மூன்றும் மூன்று விதமாக வந்தன. மூன்றுக்கும் கீழே அவளே சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

தொகை அடுத்த மாதம் வந்தது. விடுப்புக் கணக்கில் மீதமில்லாமல் போன சில நாட்களுக்கு விகிதப்படி பிடித்துக்கொண்டார்கள். அதில் ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்த்தது தவறு என்று ஒரு ஆட்சேபக் கடிதம் தயாரித்தேன். அதை அனுப்பவில்லை. நகையை மீட்டோம்.

இப்போது வீட்டுக்குள் ஊன்றுகோலோடு நடக்கிறாள். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் காலைக் கண்ணால் பார்த்துக்கொள்கிறாள். எப்போது முழுதாகும் என்று நான் மருத்துவரைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். அவள் அதை என்றும் கேட்டதில்லை.

போன வாரம் வங்கிக்குப் போயிருந்தோம். இரண்டு மாதத்துக்கு முன் அங்கே புதிதாகப் பதிந்து கொடுத்த மாதிரிக் கையெழுத்தோடு இன்றையது பொருந்தவில்லை என்றார்கள். எழுத்துகள் இப்போது சற்று நிமிர்ந்து நிற்கின்றன. மறுபடி ஒரு படிவம் வாங்கினோம். பழைய கையெழுத்துக்குத் திரும்புகிறதா, வேறெங்கோ போகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. சாந்தாமணி இன்னும் இரண்டு படிவங்களைக் கேட்டு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.